பன்னிரண்டாவது பாரம்

அரிசி ஆலைத் தராசில் என்னை நிறுத்தார்கள்.
அறுபத்தொரு கிலோ, செருப்போடு.
"காணும், வாங்க" என்றார் கமிட்டி ஞானச்செல்வம்.
ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று,
முகம் மூடிக் கட்ட ஒரு துண்டு,
சாறிக்கு மேலே போட யாருடையதோ முழுக்கைச் சேட்டு.

பன்னிரண்டாவதாய் நிற்கவேண்டிய கனகலிங்கம்
மோட்டார் சைக்கிளால் விழுந்து
கல்முனை ஆசுபத்திரியில்
காலைத் தூக்கிக் கட்டிக் கிடந்தான்.
இல்லாவிட்டால் நானும் சனத்தோடு சனமாய்
கயிற்றுக்கு அப்பால்.

நாவிதன்வெளி வட்டையில்
வேளாண்மை வெட்டி இருபது நாள்.
அரிதாளைச் சீவி, தண்ணீர் தெளித்து, உருளை விட்டு
முந்நூறு அடிக்கு ஒரு தடம்.
கச்சான் விற்பவளின் சுளகைக்
கச்சான் தூக்கிக்கொண்டு போயிற்று.
பொறுக்க ஓடிய பிள்ளைகளை
ஒலிபெருக்கி பெயர் சொல்லி ஏசிற்று.

மெசின்கள் இழுக்கவேண்டியது ஓர் இரும்புப் பலகை,
வெள்ளத்தில் போன பாலமொன்றின் தகடு.
கல் இல்லை, நெல்மூட்டை இல்லை.
மனிசர்தான் பாரம்.
சுண்ணாம்புக் கோட்டோரம்
பதினைந்து அடிக்கு ஒருவராய் நிற்போம்.
பலகை எங்களைக் கடக்கையில்
காலை வைத்து ஏறவேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
ஏற ஏற முன்சில்லு இரண்டும்
மண்ணை விட்டு வானத்தைப் பார்க்கும்.

முதலில் சம்மாந்துறை இஜ்லானின் நீல மெசின்.
அது என்னையும் ஏற்றி ஏழு அடி இழுத்து
ஒருமுறை இருமி நின்றது.
நூற்று எண்பத்தேழு.
ஏழு அடி என்பது சின்னத் தூரமில்லை.

பிறகு எங்கள் வீட்டு மெசின்.
சிவப்பு மெசி, என்னைவிட ஆறு வயது மூத்தது.
வயலில் இறங்கி மூன்று போகம்.
மட்காட்டைக் கழற்றி, புகைக்குழலை நிமிர்த்தி,
உடைத்த லொறியொன்றின் டர்போவைக்
கண்டியிலிருந்து பஸ்சில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தார் மனிசன்.
அன்றைக்கு நான்
கிணற்றுக்கு வாங்கவிருந்த கொங்கிறீட் வளையங்களை
மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.
பதினாலு.
நித்திரையிலும் அவர் இடதுகால் கிளட்சை மிதிக்கும்.
என் கெண்டைக்காலில் அதற்கொரு நீலம் உண்டு.

வந்தது.
சத்தம் காதுக்குள் வரவில்லை,
முழங்கால் வழியாக ஏறிற்று.
கரும்புகை, மண், டீசல் நாற்றம்,
நடுவில் அவர் பிடரி:
நேற்று நான் கத்தரித்துவிட்ட,
ஒருபக்கம் கோணிப்போன மயிர்.
பலகையில் பதினொரு பேர்
ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்தபடி.

ஏறாமல் விட்டிருக்கலாம்.
கால் வழுக்கிற்று என்றால் முடிந்தது,
துண்டு கட்டிய முகத்தை யார் கண்டது?

ஏறினேன்.
மூச்சை எக்கிப் பாரம் குறைக்காமல்,
இஜ்லானுக்கு எப்படியோ அப்படியே
அறுபத்தொரு கிலோவையும் வைத்து ஏறினேன்.

ஓரடி. இரண்டு.
பின்சில்லு ஒரே இடத்தில் சுற்றிக் குழி பறித்தது.
மூன்று.
நாலாவதில் எஞ்சின்
என்னவோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டது.
நூற்று எண்பத்துநாலு.
என்னை நிறுத்தார்கள்,
நான் அவரை நிறுத்தினேன்.

இரவு.
கைகழுவச் சவர்க்காரம் கேட்டார், கொடுத்தேன்.
மீன்குழம்பு பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
வாயில் சோற்றோடு,
"அந்தப் பன்னிரண்டாவது ஆள்
ஏறினபோதுதான் கா போயிற்று" என்றார்.
"சரியான பாரம்."

நான் மூக்கைச் சிந்தினேன்.
முந்தானையில் கறுப்பாய் வந்தது.

அவர் அதைப் பார்த்தார்.
என் காலைப் பார்த்தார்.
பிறகு வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு,

"இஜ்லான்ட மெசின் எப்படி,
மேலே நிற்கக்குள்ள அதிருதா?"